விலை கூடிய பூனை டின் வாங்குபவர்கள் முதலில் தேட வேண்டிய வரி

பூனை உணவு டின்னில் 'பிரீமியம்', 'கோர்மே' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அமெரிக்க விதிகளில் அந்தச் சொற்களுக்குத் தனி வரையறை எதுவும் இல்லை. அதைப் போட்டுக்கொள்வதற்காக ஒரு கிராம் இறைச்சிகூடக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியதில்லை. அதனால் டின்னைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்.

முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வரி, அதாவது வேறு எதுவும் சேர்க்காமலே பூனைக்குப் போதுமான முழு உணவு. ஐரோப்பிய டின்களில் 'கம்ப்ளீட்' என்று மட்டும் இருக்கும். கூடவே குட்டிக்கா, வளர்ந்த பூனைக்கா, எல்லா வயதுக்குமா என்பதையும் பாருங்கள். 'காம்ப்ளிமென்டரி', 'சப்ளிமென்டல்', 'இன்டர்மிட்டென்ட் ஃபீடிங்' என்று இருந்தால் எவ்வளவு விலையானாலும் அது இடையிடையே கொடுக்கும் தீனிதான்.

பூனைமேல் பாசம் அதிகம் உள்ளவர்கள்தான் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். திறந்தால் நார் நாராகச் சூரை மீனோ கோழி நெஞ்சுக்கறியோ தெளிந்த சாற்றில் மிதக்கும் டின்களைப் பார்த்திருப்பீர்கள். சேர்மானப் பட்டியலில் இரண்டு மூன்று பெயர்களே இருக்கும். பார்க்கச் சுத்தமாக, நாமே சாப்பிடலாம்போல இருக்கும். இவற்றில் பல முழு உணவே இல்லை. தசைக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. வைட்டமின்களும் டாரின் என்ற அமினோ அமிலமும் தனியாகச் சேர்க்கப்படாவிட்டால், மாதக்கணக்கில் இதையே தின்னும் பூனைக்குக் குறைபாடு வரும்.

டாரின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூனையின் உடல் இதைத் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. குறைந்தால் விழித்திரை சிதையும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். இந்த இதய நோய்க்கும் டாரின் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு 1987இல் வெளியான ஆய்வில்தான் தெளிவானது. நேரத்தோடு டாரின் கொடுத்தால் இதயம் தேறும். சிதைந்த விழித்திரை திரும்பாது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோவின் தரநிலை, நீர் நீக்கிய கணக்கில் ட்ரை ஃபுட்டுக்கு 0.10 சதவீதமும் டின் உணவுக்கு 0.20 சதவீதமும் டாரின் கேட்கிறது. டின்னை அதிகச் சூட்டில் வேகவைப்பதால் உணவில் வரும் மாற்றங்கள், குடல் பாக்டீரியாக்கள் டாரினைக் கூடுதலாகச் சிதைக்க வழிசெய்கின்றன. அதனால்தான் இரட்டிப்பு அளவு. பட்டியலின் கடைசியில் டாரின், தயமின், துத்தநாகம் என்று நீளும் பெயர்களைப் பார்த்து 'ஒரே கெமிக்கல்' என்று ஒதுக்காதீர்கள். அவைதான் அந்த டின்னை முழு உணவாக்குகின்றன.

அடுத்தது கணக்கு. டின்னில் 'புரதம் 10 சதவீதம்' என்றும், ட்ரை ஃபுட் பையில் '32 சதவீதம்' என்றும் இருந்தால் ட்ரை ஃபுட்தான் சத்து என்று தோன்றும். ஆனால் டின்னில் 80 சதவீதம் தண்ணீர் என்றால் மீதி 20. அதில் 10 புரதம், அதாவது 50 சதவீதம். பையில் தண்ணீர் 10 சதவீதம் என்றால் 32ஐ 90ஆல் வகுக்க வேண்டும், 36கூட வராது. இரண்டு டின்களை ஒப்பிடவும் இதே வழிதான்.

மாவுச்சத்தை லேபிளில் பெரும்பாலும் போடமாட்டார்கள். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, சாம்பல் (தாதுக்கள்), ஈரப்பதம் ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழியுங்கள். 10, 5, 1, 2.5, 78 என்றால் மீதி 3.5. அதைத் தண்ணீர் போக மிஞ்சும் 22ஆல் வகுத்தால் சுமார் 16 சதவீதம். லேபிளில் இருப்பவை குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் 16 வருகிற டின்னுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கிரேவி வகைகளில் சாறு கெட்டியாக ஸ்டார்ச்சும் கோதுமை குளூட்டனும் சேர்ப்பதால் இந்த எண் ஏறும். கறியை அரைத்துக் கூழாக்கிய பேட் வகைகளில் பொதுவாகக் குறைவு. 'கிரெயின் ஃப்ரீ' என்றிருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தானியத்துக்குப் பதில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கலாம். ஈரல், நுரையீரல், மண்ணீரல் சேர்ந்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், பூனைக்கு அவை நல்ல உணவு.

பெயரிலும் சூட்சுமம் உண்டு. அமெரிக்க விதிப்படி, 'டின்னர்', 'ஆன்ட்ரே' போன்ற சொல் ஒட்டியிருந்தால் பெயரில் உள்ள இறைச்சி 25 சதவீதம் இருந்தால் போதும். 'வித் சிக்கன்' என்றால் 3 சதவீதமே போதும்.

அளவு: 4 கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ கலோரி. டின்னில் போட்டிருக்கும் கலோரியால் இதை வகுத்தால் எத்தனை டின் என்று தெரியும். ட்ரை ஃபுட்டும் கொடுத்தால் அதன் கலோரியை முதலில் கழியுங்கள். இதை விடுவதால்தான் பல பூனைகள் குண்டாகின்றன. சிறுநீரக நோய், சர்க்கரை நோய் உள்ள பூனைக்கு இந்தப் பொதுக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் உணவுதான்.

புது டின்னுக்கு மாற்ற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். 'பசித்தால் தானே தின்னும்' என்று பட்டினி போடவே கூடாது. சரியாகச் சாப்பிடாமல் நாட்களைக் கடத்தும் பூனைக்கு, குறிப்பாகக் குண்டான பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். 24 மணி நேரம் எதுவுமே தொடவில்லை என்றால் பழைய உணவுக்குத் திரும்பிவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

திறந்த டின்னில் மிச்சமானதை மூடிய பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சில்லென்று வைத்தால் மணம் எழாது, பல பூனைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். பாத்திரத்தை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி, பூனையின் உடல் சூடான 38 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதித்து இன்னோரிடம் குளிர்ந்திருக்கும், நன்றாகக் கிளறிவிட்டு விரலால் தொட்டுப் பார்க்காமல் வைக்காதீர்கள். உப்பிய டின், விளிம்பு மடிப்பில் நசுங்கிய டின் இரண்டையும் திறக்காமலே தூக்கிப் போடுங்கள்.