மருந்தை ஊற்றி வேனில் ஏற்றிவிடும் பெற்றோரே

என் மகளின் வகுப்பில் பொன்னுக்குவீங்கி. இதுவரை ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது என் மகள். கன்னம் வீங்கி, எச்சில் விழுங்கவே அழுகிறாள்.

காலையில் பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது. ஒரு மூடி பாராசிட்டமால் சிரப், சீருடை, வேன். அவ்வளவுதான்! அந்த மருந்து நாலு மணி நேரமோ ஆறு மணி நேரமோதான் தாங்கும். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பிள்ளை மேசையில் சுருண்டு கிடக்கிறது. காய்ச்சல் இறங்கினால் கிருமியும் போய்விடுமா? வீக்கம் தெரிந்து ஐந்து நாளாவது வீட்டில் வைத்திருக்க வேண்டாமா? சின்னம்மை என்றால் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை?

அந்தக் காலத்தில் வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் தெருவே ஒதுங்கிப் போகும். இப்போது கழுத்துக் கொப்புளத்தைக் காலர் பட்டன் போட்டு மறைக்கிறார்கள்.

விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்று தவிக்கும் அம்மாவை நான் திட்டவில்லை. அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தும் “யூனிட் டெஸ்ட் போய்விடுமே” என்று அனுப்புகிறவர்களை என்ன சொல்ல? நூறு சதவீத வருகைக்குக் கோப்பை கொடுக்கும் பள்ளியை என்ன சொல்ல?

அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இன்று காலை வரை என் மகள்தான் அதைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.