வகுப்பறைக்குள் கட்டியங்காரன் வரட்டும்

பள்ளிக் கல்வித்துறையின் கலைத்திருவிழா நடக்கும் நாட்களில் முகநூலைத் திறந்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஒப்பனை முகங்கள்தான். 2022இல் தொடங்கிய அந்த விழா, ஊரை விட்டு வெளியே போகாத எத்தனையோ பிள்ளைகளை மாவட்டத் தலைநகர் வரைக்கும், சென்னை வரைக்கும்கூட அழைத்துப் போயிருக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் நாடகம் என்றாலே போட்டி, ஆண்டு விழா, கேடயம் என்று நம் பள்ளிகளில் ஆகிவிட்டதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். நன்றாகப் பேசக்கூடிய பத்துப் பிள்ளைகளை ஆசிரியர் தேர்ந்தெடுப்பார். அவரே வசனம் எழுதுவார், எங்கே நிற்க வேண்டும், எந்தக் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். பரிசளிப்பு முடிந்ததும் கிரீடமும் தாடியும் பீரோவுக்குள் போய்விடும். மற்ற பிள்ளைகளுக்குக் கைதட்டியது மட்டும்தான் மிச்சம்.

நான் தமிழாசிரியர். என் அனுபவத்தில் கல்விக்கு உதவும் நாடகத்துக்குப் பார்வையாளரே தேவையில்லை. மைக், ஒப்பனை, பின்னணி இசை எதுவும் வேண்டாம். ஒரு பீரியட், ஒரு நாற்காலி, ஒரு வேட்டி போதும்.

வட மாவட்டங்களில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். வேஷக்காரர் பின்னால் வந்து நின்று பாடுவார். கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளருமான கட்டியங்காரன் அவரைச் சும்மா விடமாட்டான். தாங்கள் யார், எந்தத் தேசம், இங்கே எதற்கு வந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்பான். துரியோதனனாகவே இருந்தாலும் பதில் சொல்லித்தான் சபைக்குள் வர வேண்டும். நடுநடுவே கிண்டல் செய்வான், நேற்று ஊரில் நடந்ததை இழுத்துவிடுவான். ராஜாவிடம் கேட்க மற்றவர்கள் பயப்படுவதை அவன் கேட்பான். பாத்திரத்தை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது வெளிநாட்டு நாடகக் கல்வியில் பெரிய உத்தி என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். நல்ல உத்திதான். அது திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடிய நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இப்படித்தான் நடத்துகிறேன். இரண்டு பிள்ளைகள் வேட்டியைத் திரையாகப் பிடிப்பார்கள். பாண்டியன் பின்னால் நிற்பான். வகுப்பில் மிச்சமிருக்கும் எல்லாரும் கட்டியங்காரர்கள். திரை விலகியதும் பாண்டியன் நாற்காலியில் உட்கார வேண்டும், எந்தக் கேள்வி வந்தாலும் பாண்டியனாகவே பதில் சொல்ல வேண்டும். வசனம் எதுவும் எழுதித் தருவதில்லை. பாட்டை ஒருமுறை படித்து, கதையைச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருக்கும். ‘ராஜாவே, சாப்டீங்களா?’ என்பார்கள். இருக்கட்டும், அது கட்டியங்காரனின் உரிமை. அப்புறம் ஒருத்தி கேட்பாள், ‘கோவலனை ஒரு வார்த்தையாவது கேட்டீங்களா?’ ராஜா யோசிப்பான். ‘ராணி கோவமா இருந்தாங்க. அங்க போற அவசரத்துல சொல்லிட்டேன்.’ உடனே பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: ‘சிலம்பை உடைச்சிப் பாக்க எவ்ளோ நேரம் ஆவப்போவுது? கொல்றதுக்கு முன்னாடியே உடைச்சிருக்கலாமே?’ இன்னொருவன் எழுந்து, ‘உங்க ஆளு பொற்கொல்லன் சொன்னா நம்புவீங்க, வெளியூர்க்காரன்னா நம்ப மாட்டீங்களா?’ என்பான். எந்த உரைநூலும் இந்தக் கேள்விகளை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. இதற்குப் பிறகு ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்ற வரிக்குப் பொருள் சொல்ல வேண்டிய வேலையே எனக்கு இருப்பதில்லை. விசாரிக்காமல் தண்டிப்பதைப் பற்றியும், புதிதாக ஊருக்கு வந்தவரை முதலில் சந்தேகிப்பதைப் பற்றியும் அவர்களே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவரவர் தெருவில் நடந்ததெல்லாம் வந்து விழும்.

வேலூர்ப் புரட்சியையும் இப்படி எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஆசிரியரே வேஷம் போட வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் தளபதியாக வந்து உத்தரவு வாசித்தார். நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். பிள்ளைகள் சிப்பாய்கள். மாட்டுத்தோலா, பன்றித்தோலா என்ற சந்தேகம் வரிசையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதை அவர்களே செய்து பார்த்தார்கள். 1806 ஜூலை 10 என்ற தேதி அந்த வகுப்புக்கு மறக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் படை அன்று காலையிலேயே எப்படி வந்து சேர்ந்தது, கோட்டையைப் பிடித்தவர்கள் ஏன் அதை எதிர்பார்க்கவில்லை என்று இடைவேளையிலும் விவாதம் ஓடியது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையின் நெஞ்சில் ‘சூரியன்’ என்று அட்டை, இன்னொரு பிள்ளையின் நெஞ்சில் ‘பச்சையம்’ என்று அட்டை, ‘நான்தான் பச்சையம், உணவு தயாரிப்பேன்’ என்று ஒரு வரி. இதை நாடகவழிக் கல்வி என்று பலர் காணொளி போடுகிறார்கள். மனப்பாடத்துக்கு வேஷம் கட்டிய வேலை இது. பச்சையத்துக்கு முடிவெடுக்க எதுவும் இல்லை, அதனிடம் கேட்கவும் எதுவும் இல்லை. எல்லாப் பாடத்தையும் நாடகமாக்க வேண்டியதும் இல்லை. புணர்ச்சி விதிக்குக் கரும்பலகைதான் சரி. ஒரு மனிதன் இக்கட்டில் நின்று முடிவெடுக்கிற இடம் பாடத்தில் எங்கே இருக்கிறதோ, அங்கே நாடகம் வேண்டும்.

யாருக்கு எந்த வேஷம் என்பதையும் பேசியாக வேண்டும். ஆண்டு விழா நாடகங்களை நினைத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்கும் பிள்ளை ராணி, கறுப்பாக இருக்கும் பிள்ளை அரக்கன். நன்றாக உடுத்தி வருபவன் நீதிபதி, கிழிந்த சட்டைக்காரன் திருடன். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனாலும் வருடா வருடம் அப்படியே நடக்கிறது. தான் எங்கே நிற்க வேண்டியவள் என்று அந்தப் பிள்ளைக்கு ஊரே கூடிச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. இது எனக்குத் தாங்க முடியாத விஷயம். வகுப்பறை நாடகத்தில் இதை மாற்றுவது சுலபம். பாண்டியனின் நாற்காலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாறும். கடைசி பெஞ்சுப் பெண்ணும் பாண்டியனாக உட்காருவாள், முதல் ரேங்க் பையன் திரை பிடிப்பான்.

‘அதெல்லாம் சரி டீச்சர், போர்ஷனை யார் முடிப்பது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு பருவத்தில் இரண்டு மூன்று பாடங்களுக்கு மட்டும் செய்தாலே போதும் என்பது என் எண்ணம். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரிப்பார். அதையும் தாண்டிச் செய்யலாம். கருத்து இருக்கிற பிள்ளைக்கு நெடுவினா எழுதக் கை நீளும். தேர்வுக்கும் அது நல்லதுதான்.

நாடகத்தின் பலம் அரசுக்குத் தெரியாதா என்ன? தொண்ணூறுகளில் எழுத்தறிவு தர அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாகப் போனபோது கலைக்குழுக்களின் பாட்டும் வீதி நாடகமும்தான் மக்களைக் கூட்டின. 2021இல் பிள்ளைகளின் வீட்டருகே பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோதும் கலைக்குழுக்களைத்தான் தெருத்தெருவாக அனுப்பினார்கள். ஊரைப் படிக்க அழைக்க நாடகம் வேண்டும், பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்ததும் நாடகம் பள்ளிக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டுமா? 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாம் இருந்தன, நாடகம் இல்லை. புதுச்சேரியிலும் தஞ்சையிலும் நாடகம் படித்துவிட்டு வரும் இளைஞர்கள் சினிமா வாய்ப்புக்குக் காத்திருக்கிறார்கள்.

இலங்கையில் நாடகமும் அரங்கியலும் உயர்தரம் (நம் பிளஸ் டூ மாதிரி) வரை ஒரு பாடம். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதி, போர்க்காலத்திலும் அவர்களோடு நாடகம் செய்தார். அங்கே உள்ள ஆசிரிய நண்பர்கள் ஒரு குறையும் சொல்கிறார்கள். பரீட்சைப் பாடமானதும் அதற்கும் நோட்ஸ் வந்துவிட்டதாம். அதனால் மதிப்பெண் இல்லாத வகுப்பறை நாடகம் நமக்கு முதலில் வரட்டும் என்கிறேன்.

காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துக் குருகுலம் கூத்தையும் பள்ளிப் படிப்பையும் ஒரே இடத்தில் தந்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாடு எல்லா ஊரிலும் முடியாது. சின்னதாக ஒன்று முடியும். மழைக்காலத்தில் கூத்துக் கலைஞர்களுக்கு ஆட்டம் இல்லை, வருமானமும் இல்லை. அப்போது பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த மாதங்களில் வாரம் ஒரு பீரியடுக்கு உள்ளூர்க் கட்டியங்காரர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்து அழைக்கக் கல்வித்துறை ஒரு ஆணை போட்டால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வாசகம் எழுதித் தர நான் தயார், உள்பெட்டியில் கேளுங்கள்.