எண்ணெய் சரி, மிஞ்சும் தண்ணீரை என்ன செய்வது?
ஈரக் கழிவை உயர் அழுத்தத்தில், சூடான தண்ணீரிலேயே வேகவைத்து எண்ணெயாக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கழிவை உலர்த்த வேண்டியதில்லை என்பதால் ஆற்றல் மிச்சம் என்று அது சொல்வது பாதி உண்மைதான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் 300 டிகிரி செல்சியஸிலும் தண்ணீர் திரவமாகவே இருக்கும், அந்தச் செலவு இல்லை. சரி, அப்புறம்? என் முனைவர் பட்ட ஆய்வில் காய்கறிச் சந்தைக் கழிவை அரை லிட்டர் எஃகுக் கலனில் இப்படித்தான் வேகவைத்தேன். ஆறியபின் மூடியைத் திறந்தால் கருகிய வெல்லம் போல ஒரு நெடி, சுவரில் தார் மாதிரி ஒட்டிய கறுப்பு எண்ணெய், மீதியெல்லாம் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீரில் அம்மோனியா, பீனால் என்ற நச்சுச் சேர்மம், கரிம அமிலங்கள். சாக்கடையில் விடவே கூடாது. நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனுக்குக் கொடுத்தாலும் பீனால் அந்த நுண்ணுயிரிகளை முடக்கிவிடுகிறது. தண்ணீரை நீர்க்கவைத்து, நுண்ணுயிரிகளை அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் இந்த எண்ணெயை நேரே லாரியில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார். முடியாது. அதில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் அதிகம், ஹைட்ரஜன் செலுத்திச் சுத்திகரிக்க வேண்டும். அந்த ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது என்றால், அதன் கார்பனையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.