அரசு, தனியார் என்ற இரண்டே கூடை போதாது
வடசென்னைப் பள்ளிகளின் ஏற்றத்தாழ்வை 'அரசு', 'தனியார்' என்று இரண்டே கூடையில் போட்டு நிறுத்துப் பார்க்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: அரசு உதவிபெறும் பள்ளி, அதாவது தனியார் நடத்த, ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் பள்ளி. என் மகள் அப்படி ஒன்றில்தான் படித்தாள். அவளோடு படித்தவர்களுக்கும் மாநகராட்சிப் பள்ளிக்குப் போனவர்களுக்கும் ஒரே சந்தில் வீடு. அப்பாக்கள் நாங்கள் ஒரே விசைப்படகில் கடலுக்குப் போனோம். ஆனால் 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது உண்டு, என் மகளுக்கு இல்லை. காலை உணவும் அப்படித்தான். 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம், நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்து சேர 2025 ஆகஸ்ட் ஆனது. அதுவரை என் மகள் படித்த பள்ளியின் ஆசிரியை ஒருவர் கைப்பையில் பிஸ்கட் பாக்கெட்டோடுதான் வகுப்புக்கு வருவார். இன்னொன்று, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கரையில்தான் கிடக்கும். பள்ளி திறப்பதும், ஆங்கில வழிப் பிரிவுக் கட்டணம், நோட்டு, செருப்பு என்று பணம் கேட்பதும் சரியாக அந்த ஜூனில்தான். என் மனைவியின் தோடு ஆறு ஜூன்கள் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பியது. ஏழாவது முறை திரும்பவில்லை.