மழவரையர் மகளார்

சோழ அரசி செம்பியன் மாதேவியார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது, திருநீறு துலங்கும் நெற்றியோடு ஊர் ஊராகச் சென்று செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக (கருங்கல் கோயில்களாக) மாற்றிய முதிய கைம்பெண்ணின் தோற்றம்தான். அது பிழையன்று. ஆனால் கணவரை இழந்த துயரமே அவரைக் கோயில் பணிக்குத் திருப்பியது என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்வெட்டுகள் அவரை ‘மழவரையர் மகளார்’ என்று குறிக்கின்றன. கொள்ளிடத்தின் வடகரையில் இருந்த மழநாட்டுச் சிற்றரசர் குடியில் பிறந்தவர் அவர். ‘செம்பியன்’ என்பது சோழரைக் குறிக்கும் சொல். ஆகவே நாம் அறிந்த பெயரே புகுந்த வீடு தந்த பெயர்தான். பழுவேட்டரையர், மலையமான் குடிகளைப் போலவே மழவர் குடியிலும் சோழர்கள் பெண் கொண்டது உறவுக்காக மட்டுமன்று, படைத்துணைக்காகவும்தான் என்று கருதுகிறேன்.

அவர் கைப்பிடித்த கண்டராதித்தர், முதலாம் பராந்தகரின் இளைய மைந்தர்களுள் ஒருவர். பட்டத்துக்கு உரியவராக மூத்தவர் இராசாதித்தர் இருந்தார். 949இல் தக்கோலப் போரில் அவர் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்திராவிட்டால், மழவரையர் மகளார் அரசியாகியிருப்பாரா என்பதே ஐயம்.

இதனால்தான் திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் உள்ள கல்வெட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். பராந்தகரின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 941இல், அங்குள்ள இறைவனுக்கு நந்தாவிளக்கு (அணையாவிளக்கு) எரிக்கச் செம்பியன் மாதேவியார் நிவந்தம் (அறக்கொடை) அளித்திருக்கிறார். அக்காலத்தில் ஒரு நந்தாவிளக்கின் நெய்க்காகப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை விடுவார்கள். ஆட்டு மந்தை குறையாமல் பெருகிவரும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். (இந்தச் சொல்லாட்சியின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.) அப்போது மாமனார் அரியணையில் இருந்தார், கணவர் உயிருடன் இருந்தார், தக்கோலத்துக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. கைம்மையும் இல்லை, முடியும் இல்லை. ஆனாலும் கொடை இருக்கிறது. தில்லை இறைவன்மீது திருவிசைப்பா பாடிய கண்டராதித்தரின் வீட்டில் மனைவியின் பக்தியும் அன்றே தழைத்திருந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பின்னாளில் கணவர் நினைவாகத் திருநல்லத்தில், இன்றைய கோனேரிராசபுரத்தில், அவர் எழுப்பிய கற்றளியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயராலேயே வழங்கும் செம்பியன்மாதேவி ஊர்க் கோயிலுக்குச் செல்பவர்கள், அவர் மகன் உத்தம சோழரின் தேவியர் தங்கள் மாமியாருக்காக அங்கே வைத்த நிவந்தத்தையும் கேட்டறிந்து வாருங்கள். அது அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளுக்காக வைக்கப்பட்டது.