பாஸ்டன் பெண்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கறுப்பினப் பால்புதுமை (queer) பெண்களின் மரபைப் போற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, தன்னை ஏற்றுக்கொள்வதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டைச் சொன்னது மிகப் பொருத்தம். 1978-இல் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்தபின், தையல் பிரிக்க மருத்துவரிடம் போகிறார். வலது காதில் மட்டும் ஒரு பறவைத் தொங்கட்டான். செயற்கை மார்பு வைக்காமல் வந்தால் இங்கே மற்றவர்களின் மனம் சோர்ந்துவிடும் என்கிறார் செவிலியர். லார்டு மறுத்துவிட்டார். அந்த அவமதிப்பை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். என்ன நெஞ்சுரம்!

ஆனால் கூட்டு வாழ்வு பற்றிய பகுதியை இரண்டே வரிகளில் முடித்துவிட்டீர்களே. 1974-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பார்பரா ஸ்மித் முதலானோர் தொடங்கிய கறுப்பினப் பெண்ணிய அமைப்பான கோம்பாஹி ரிவர் கலெக்டிவ் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1863-இல் அடிமை ஒழிப்புப் போராளி ஹாரியட் டப்மன் முன்னின்று 700-க்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்ட ஆற்றின் பெயர் அது. அமைப்பில் பலர் தன்பாலீர்ப்புப் பெண்கள். 1979-இல் பாஸ்டனில் கறுப்பினப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது, 'ஆறு கறுப்பினப் பெண்கள்: ஏன் இறந்தார்கள்?' என்று துண்டறிக்கை அச்சிட்டார்கள். கொலைகள் தொடரத் தொடர, ஆறு என்ற எண்ணை அடித்துவிட்டு ஏழு, எட்டு என்று திருத்த வேண்டியிருந்தது. அந்த அடித்தல்களை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பெண்கள் வீட்டுக்குள் இருந்தால் போதும் என்ற அறிவுரையை அவர்கள் ஏற்கவில்லை. தற்காத்துக்கொள்ளும் வழிகளையும் உதவி கிடைக்கும் இடங்களையும் அதே தாளில் கொடுத்தார்கள்.

இந்தத் துண்டறிக்கையின் கதையைத் தனிக் கட்டுரையாகவே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.