ஹார்ட் லேண்டிங்கைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்? ஓடுபாதையில் சின்ன விமானம் மூன்று முறை குதிக்கிறது, மூக்குச் சக்கரம் மடங்குகிறது, ப்ரொப்பெல்லர் தரையில் உரசிப் பொறி பறக்கிறது, அதற்கு மேல் ஒரு காமெடி பாட்டு. "இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது" என்று கீழே வரிசையாகக் கமெண்ட். அது தனியாகப் பறந்து பழகுகிற ஒரு பிள்ளை. லைசென்ஸ் இன்னும் வாங்கவே இல்லை.

அங்கே நடந்தது என்ன? தரையை நெருங்கியதும் மூக்கை மெல்லத் தூக்கி, வேகத்தை விட்டு, பின்சக்கரங்கள் முதலில் தொடும்படி இறக்க வேண்டும். வேகம் கொஞ்சம் கூடினாலும் தொட்ட விமானம் மறுபடி எழும்பும். உடனே கை தானாக மூக்கைக் கீழே அழுத்தப் போகும். அழுத்தினால் அடுத்த முறை மூக்குச் சக்கரம் முதலில் மோதும், அதற்கடுத்த குதி இன்னும் மோசமாக இருக்கும். செய்ய வேண்டியது எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, கோ-அரவுண்ட் போவது, அதாவது இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவது. வீட்டில் உட்கார்ந்து நமக்கு இது தெளிவாகத் தெரிகிறது. அங்கே கிடைத்தது ஓரிரு நொடி.

"அப்போ தப்பைத் தப்பு என்றே சொல்லக் கூடாதா?" என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கோ-அரவுண்ட் போயிருக்கலாம் என்று பேசினால் நானும் வந்து பேசுகிறேன். ஆனால் சிரிப்பு வேறு. சிரித்தால் மறைப்பார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நான் பழகிய காலத்தில் ஒருநாள் காலை செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கிளம்பும் முன் எல்லோரும் செய்வதுதான். மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கிற ஃபயர்வால் தடுப்பை ஒட்டிய அடித்தகட்டில், கசங்கிய காகிதத்தை நீவிவிட்டதுபோல மெல்லிய சுருக்கம். பக்கத்தில் தகட்டைப் பிணைக்கிற இரண்டு ரிவெட்டைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்து, கறுப்பாகக் கோடு ஓடியிருந்தது. மெக்கானிக் மூடியைக் கழற்றினார். எஞ்சினைத் தாங்குகிற குழாயில் விரிசல். முந்தைய நாள் பறந்தவன் பலமாக மோதி இறக்கியிருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அதற்குச் சில வாரம் முன்பு இன்னொருவன் தன் மோசமான லேண்டிங்கை ஒளிக்காமல் சொல்லியிருந்தான். அவனுக்குக் கங்காரு என்று பெயர் வைத்து, அவன் வரும்போதெல்லாம் குதித்துக் காட்டினார்கள். அதைப் பார்த்தவன் எப்படி வாய் திறப்பான்? அந்த விரிசலோடு அன்று மேலே போகவிருந்தது நான்.

"பயம் இருந்தால்தான் கவனமாக ஓட்டுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விமானத்துறை இதற்கு நேர் எதிராகத்தான் பாடம் கற்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதித்தொகுப்பில் இணைப்பு 13, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளை நாசாவுக்கு எழுதி அனுப்புகிறார்கள், அங்கே பெயரை நீக்கிவிட்டு மற்றவர்கள் படிக்கத் தருகிறார்கள். ஓட்டுகிறவன் சொன்னால்தான் விமானத்துக்கு என்ன ஆனது என்று தெரியும். ப்ரொப்பெல்லர் தரையில் பட்டால், எஞ்சின் நன்றாக ஓடினாலும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். பட்டது என்று ஒருவன் வாயால் சொல்ல வேண்டுமே!

"உங்க ஆளுங்களுக்கு நீங்க வக்காலத்து வாங்குறீங்க." ஆமாம், வாங்குகிறேன். அந்த இருக்கையில் உட்கார்ந்து கை வியர்த்தவர்கள் வாங்காமல் வேறு யார் வாங்குவது?

அப்புறம் அந்தப் பாட்டு. யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் யாராவது இதை அனுப்பியிருப்பார்கள். பிள்ளை உயிரோடு நடந்து வந்ததை நினைத்து அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் போனில் உங்கள் சிரிப்புச் சத்தம் ஓடும். என் நண்பர்கள் என்று நான் நினைத்த சிலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி ஒவ்வொருவராகப் பார்த்தேன், மனசு விட்டுப்போச்சு. எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பதிவின் கீழேயும் சிரிப்பு ஸ்மைலி போட வருபவர்களை நட்பிலிருந்து நீக்கிவிடுவேன், எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் சரி.